மோட்டார் போகல்ல, பெல்ட்டுதான் போச்சு: கோட்டாற்றில் ஒரு கடை

கன்னியாகுமரியில் கண்ணாடிப் பாலம் திறந்தது 2024 டிசம்பர் 30. எங்கள் லாட்ஜில் வேக்குவம் கிளீனர் படுத்தது அதற்கு நாலாவது நாள். 14 அறைகளும் நிறைந்திருந்தன. ஐயப்ப சீசன் ஒரு பக்கம், புத்தாண்டுக் கூட்டம் ஒரு பக்கம், விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்கு நடந்தே போகலாம் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள் இன்னொரு பக்கம். ஒருவர் அறையைக் காலி செய்வதற்கும் அடுத்தவர் பெட்டியோடு வந்து நிற்பதற்கும் நடுவில் எங்களுக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அந்த நேரம் பார்த்து மாடி வராந்தா முழுக்க டயர் எரிந்த வாடை.

நான் எழுத வந்தது அதற்குப் பிறகு போய்ச் சேர்ந்த கடையைப் பற்றித்தான். ஆனால் மெஷினைச் சொல்லாமல் கடையைச் சொன்னால் யாருக்கும் புரியாது.

முதலில் ஒரு ஒப்புதல். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற கட்டடத்துக்குக் கார்ப்பெட் போடுகிறவர்களைப் புத்திசாலிகள் என்று சொல்ல முடியாது. நானும் என் வீட்டுக்காரரும் 2016இல் போட்டோம். ஏசி அறைகள் நாலுக்கும் மாடி வராந்தாவுக்கும். வடக்கே இருந்து வருகிறவர்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு ஏஜென்ட் சொன்னார், கேட்டோம். பசை தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டது. இப்போது பிய்த்தால் தரையையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஆகவே கார்ப்பெட்டோடு வாழ்கிறோம்.

மெஷினை என் தம்பி சார்ஜாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்து தந்தான். நின்றுகொண்டு தள்ளுகிற வகை. நம் ஊர்க் கடைகளில் விற்பது பெரும்பாலும் குடம் மாதிரி ஓர் உடம்பும் தும்பிக்கை மாதிரி ஒரு குழாயும் உள்ளது. அதில் மோட்டார் நேராக விசிறியைச் சுற்றும், பெல்ட் கிடையாது. தள்ளுகிற வகையில் அடியில் ஓர் உருளை இருக்கும். அதில் பிரஷ் முடி பதித்திருக்கும். அது வேகமாகச் சுற்றிக் கார்ப்பெட்டைத் தட்டிக் கிளறிவிட, கிளம்புகிற தூசியைக் காற்று உள்ளே இழுத்துக்கொள்ளும். மோட்டாரின் தண்டையும் அந்த உருளையையும் இணைப்பது ஒரு விரல் அகலமுள்ள ரப்பர் வளையம். கை வளையலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

வளைகுடாவிலிருந்து கொண்டுவருகிறவர்களுக்குக் கரண்ட் தொல்லை இல்லை. அங்கேயும் 220 வோல்ட் கணக்குதான். சதுரக் கால் பிளக்கை வெட்டிவிட்டு நம் ஊர் பெரிய பிளக்கைப் போட்டால் ஓடும். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்கள் பாடு வேறு. அந்த 120 வோல்ட் மெஷினை இங்கே நேராகச் செருகினால் பெல்ட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அவசியமே வராது.

சரி, வாடைக்கு வருகிறேன். எங்களிடம் 11 வருஷமாக அறை பெருக்குகிற அக்கா ஒருவர் இருக்கிறார். கொட்டாரத்திலிருந்து வருகிறவர். அவர் இரண்டு வாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்: “மக்களே, மிஷின் இழுக்குது, ஆனா எடுக்கல்ல பாத்துக்க.” நான் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, நன்றாகத்தானே ஓடுகிறது என்று அனுப்பிவிட்டேன். அவர் பிறகு என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டு, துவர்த்தை மூக்கில் கட்டிக்கொண்டு வாரியலால் கார்ப்பெட்டைப் பெருக்க ஆரம்பித்திருக்கிறார். அவருக்கு ஏற்கனவே இளைப்பு உண்டு. இதை நான் கவனித்தது வாடை வந்த அன்றைக்குத்தான். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

(என் மகள் போனில் தேடிப் படித்துக் காட்டினாள். உருளையும் காற்றும் சேர்ந்த இந்தத் தள்ளுமெஷினை அமெரிக்காவில் ஸ்பேங்ளர் என்ற ஒருவர் செய்து 1908இல் காப்புரிமை வாங்கினாராம். ஒரு பெரிய கடையில் கூட்டிப் பெருக்குகிற வேலை பார்த்தவர், ஆஸ்துமாக்காரர். தூசியைத் தாங்க முடியாமல் செய்தது. அதை வாங்கித் தொழிலாக்கியவர் ஹூவர், தோல் சாமான் வியாபாரி. அக்காவிடம் சொன்னேன். “பெருக்குனவனுக்குத்தான தெரியும்” என்றார்.)

திருவனந்தபுரத்தில் ஒரு சர்வீஸ் சென்டர். பெயர் வேண்டாம். 90 கிலோமீட்டர் போல காரில் கொண்டுபோனோம். பிளக்கைச் செருகி அரை நிமிடம் ஓட்டினார்கள். மோட்டார் போய்விட்டது, 7,200 ரூபாய் ஆகும், சாமான் வர மூன்று வாரம் என்றார்கள். மெஷினைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் அப்போது பார்க்கச் சொல்லத் தெரியவில்லை. சாமானுக்கு முன்பணம் கேட்டார்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பினோம். போய்வந்த பெட்ரோலுக்கு ஒன்றிரண்டு வருஷத்துக்கு பெல்ட் வாங்கியிருக்கலாம்.

அதற்கடுத்த முயற்சி அக்காவின் வீட்டுக்காரருடையது. அவர்தான் முதலில் அடித்தட்டைக் கழற்றி, பெல்ட் அறுந்து கிடப்பதைக் கண்டுபிடித்தார். ஒரு சைக்கிள் டியூபைக் குறுக்கே வெட்டி வளையமாக மாட்டினார். வராந்தாவில் பாதி தூரம் மெஷின் ராஜா மாதிரி போனது. மீதி பாதியில் டியூப் தண்டில் சுருண்டு, மறுபடியும் அதே வாடை. இதை யாரும் செய்ய வேண்டாம். டியூப் ரொம்ப மெல்லிசு, சீக்கிரம் இழுபடும், துண்டாகி மோட்டார் தண்டைச் சுற்றிக்கொண்டால் பிரித்தெடுக்கவே ஒரு மணி நேரம் ஆகும். எங்களுக்கு ஆனது. ஆனாலும் அந்த மனிதர் மெஷினைத் திருப்பிப் பார்த்தார் இல்லையா, அந்த மட்டுக்கு அவர் சர்வீஸ் சென்டரைவிட மேல்.

பொங்கலுக்கு முந்தின வாரம் வீட்டில் கிரைண்டர் பெல்ட் அறுந்தது. எல்லாம் சேர்ந்துதான் வரும். கன்னியாகுமரியிலிருந்து பஸ் ஏறினால் கொட்டாரம், சுசீந்திரம், இடலாக்குடி தாண்டிக் கோட்டாறு. நாகர்கோவில் பஸ் ஸ்டாண்ட் வரை போக வேண்டாம், அங்கேயே இறங்கிக்கொள்ளலாம். கடைத்தெருவுக்குள் ஒரு சந்தின் முனையில் இந்தக் கடை. பெயர்ப் பலகை இருந்த இடத்தில் துருப்பிடித்த சட்டம் மட்டும்தான் மிச்சம். பக்கத்தில் கேட்டால் ‘பெல்ட்டுக்கடை’ என்பார்கள். ஆள் ஒருவர் நிற்கலாம், இரண்டு பேர் நின்றால் ஒருவர் தெருவில். குக்கர் கேஸ்கெட், மிக்சி கப்ளர், தையல் மெஷின் தோல் வார், கிரைண்டர் பெல்ட், வாஷிங் மெஷின் பெல்ட் எல்லாம் வாசல் ஆணிகளில் மாலை மாலையாகத் தொங்கும். உள்ளே பழைய பிஸ்கட் தகர டப்பாக்கள், ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் நம்பர்.

கடைக்காரருக்கு 65 வயது இருக்கும். எல்லோருக்கும் அண்ணாச்சி. கிரைண்டர் பெல்ட்டை வாங்கிக்கொண்டு, சும்மா கேட்டுவைப்போம் என்று கேட்டேன்.

“வேக்குவம் கிளீனருக்கு பெல்ட் கிடைக்குமா அண்ணாச்சி?”

“கிடைக்கும். மிஷின் எங்கம்மா?”

“லாட்ஜில இருக்கு. மோட்டார் போச்சுன்னு சொல்லிட்டாங்க.”

“கரண்ட் குடுத்தா ஓட்டம் இருக்கா?”

“இருக்கு.”

“சத்தம்?”

“சத்தமும் இருக்கு.”

“பொறவு மோட்டாரு எங்க போச்சு?”

மறுநாள் மெஷினோடு பஸ் ஏறினேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்குக் காசு இல்லை. மெஷினுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார் கண்டக்டர்.

அண்ணாச்சி மெஷினைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக ஒரு சாக்கை விரித்து அதைக் குப்புறப் போட்டார். பிளக்கைத் தன் கால் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார், யாரும் தெரியாமல் செருகிவிடக்கூடாது என்று. நாலு ஸ்க்ரூ. அடித்தட்டு வந்தது. உள்ளே உருளை இருக்கிற இடத்தில் உருளை தெரியவில்லை. முடி. அதன் மேல் நூல். அதன் மேல் மறுபடி முடி. பிரஷ் முடியின் நுனி மட்டும் ஆங்காங்கே எட்டிப் பார்த்தது.

“இது பூ கெட்டுன நாருல்லா” என்று ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. தோவாளை சந்தை இருக்கிற மாவட்டம் நம்முடையது. இங்கே வருகிற பெண்கள் கோயிலுக்குப் போகும்போது பூ வைக்காமல் போவதில்லை. ராத்திரி பூ வாடி உதிரும், வாழைநாரும் நூலும் கார்ப்பெட்டில் கிடக்கும். காலையில் அக்கா மெஷினைத் தள்ளும்போது பூ பைக்குள் போகும், நார் உருளையில் சுற்றும். சீசன் சமயம் இதோடு மாலைக் கயிறு, துளசி மணி, ஜரிகை இழை. நீள முடியைச் சொல்லவே வேண்டாம். இவ்வளவும் உருளையின் இரண்டு முனைகளிலும் பேரிங் மூடிக்குள் புகுந்து இறுகியிருந்தது. அண்ணாச்சி உருளையைக் கையால் சுற்றிக் காட்டினார், சுற்றவில்லை.

அப்புறம்தான் பெல்ட்டைப் பற்றிச் சொன்னார். உருளை இறுகிப்போனால் மோட்டார் நிற்காது. அதன் தண்டு பெல்ட்டுக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு சுற்றும். பெல்ட் ஓடாமல் நிற்க, ஒரே இடத்தில் தண்டு உரசி உரசிச் சூடேறும். அதுதான் வாடை. அந்த இடம் மெலிந்து அங்கே அறும். அறுகிற வரைக்கும் போகாவிட்டாலும் ரப்பர் இழுபட்டு நீண்டுவிடும். நீண்ட பெல்ட்டில் உருளை மெதுவாகச் சுற்றும், மெஷினை அழுத்தித் தள்ளினால் நின்றுவிடும். ஆனால் காற்றை இழுக்கிற விசிறி மோட்டாரோடேயே இருக்கிறது, அதற்குப் பெல்ட் தேவையில்லை. அதனால் சத்தம் அப்படியே இருக்கும், இழுவையும் இருக்கும், அழுக்கும் இருக்கும். அக்கா சொன்ன “இழுக்குது, ஆனா எடுக்கல்ல” இதுதான். அதைவிடச் சரியாக எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.

அறுந்த பழைய பெல்ட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். அதைப் புதுசுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தார். பழையது ஒரு விரற்கடைக்கு மேல் நீளம். உட்பக்கம் தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. தொட்டுப் பார்க்கச் சொன்னார். புதுசில் விரல் பிடிக்கிறது, பழையதில் வழுக்குகிறது.

என் பிறந்த வீடு குலசேகரம். விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிற சத்தத்தில் விழித்து வளர்ந்தவள். சிரட்டையில் பால் விழுவதும், அதைத் தட்டில் ஊற்றி ஆசிட் விட்டு உறைய வைத்து உருளையில் கொடுத்து ஷீட் அடிப்பதும், அடித்த ஷீட்டைப் புகையில் காயப் போடுவதும் எனக்கு நன்றாக ஓர்மை உண்டு. அந்த ஷீட்டை வெயிலில் மறந்து வைத்தால் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதற்கு அம்மையிடம் அடி வாங்கியிருக்கிறேன். கந்தகம் சேர்த்துச் சூடாக்கின பிறகுதான் ரப்பருக்கு இழுத்தால் திரும்பி வருகிற குணம் நிலைக்கிறது. நிலைத்தாலும் சாசுவதம் இல்லை. சூடு, வெயில், காற்று மூன்றும் சேர்ந்து அதை மறுபடி கெடுக்கும். இவ்வளவும் தெரிந்த நான், ரப்பர் விளைகிற மாவட்டத்திலிருந்து ஒரு ரப்பர் வளையத்துக்காகத் திருவனந்தபுரம் போய் வந்தேன்.

இனி பெல்ட்டின் கதை. முதல் பெல்ட் 140 ரூபாய். மாட்டிக் கொடுத்ததற்கும் உருளையைச் சுத்தம் செய்ததற்கும் 100. 19 நாளில் அறுந்தது. கோபத்தோடுதான் போனேன். அண்ணாச்சி அதை மடித்துப் பார்த்தார், மடித்த இடத்தில் மயிரிழை மாதிரி வெடிப்புகள். “இது வாசல்ல தொங்குன உருப்படி. வெயில் குடிச்சிருக்கு” என்றார். அவர் கடையில், அவர் ஆணியில், அவர் தொங்கவிட்டது. அதை அவரிடமே சொன்னேன். சிரித்துவிட்டு உள்ளே டப்பாவிலிருந்து வேறொன்று எடுத்துத் தந்தார், காசு வாங்கவில்லை. ஆகவே அந்தக் கடைக்குப் போகிறவர்கள் வாசலில் தொங்குவதை வாங்காதீர்கள். டப்பாவில் இருப்பதைக் கேளுங்கள், கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார். வாங்கும்போது இரண்டாக மடித்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் வேண்டாம்.

அளவு விஷயத்தில் அவர் கறார். பெல்ட்டின் வெளிப்பக்கத்தில் ஒரு நம்பர் அச்சாகியிருக்கும். மெஷினின் அடியிலோ கையேட்டிலோ அதே நம்பர் இருக்கும். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கிற இரண்டு பெல்ட்டுகளுக்குள் சில மில்லிமீட்டர் வித்தியாசம் உண்டு. சிறிசாகப் போனால் மோட்டார் தண்டையும் பேரிங்கையும் இழுத்துப் பிடித்து அவற்றைத் தின்றுவிடும். பெரிசாகப் போனால் முதல் நாளிலிருந்தே வழுக்கும். பல் வைத்த பெல்ட் ஓடுகிற மெஷின்களும் இருக்கின்றன. அந்தப் பெல்ட் நீளாது, ரொம்ப நாள் வரும், பல் உடைந்தால்தான் மாற்ற வேண்டும். அது நல்லதென்றால் அதையே போடுங்கள் என்று கேட்டேன். தண்டிலும் உருளையிலும் பல் இருந்தால்தான் பல் பெல்ட் என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

இரண்டாம் முறை போனபோது என்னையே மாட்டச் சொன்னார். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்தக் கடைக்கு நான் கொடுக்கிற மார்க்கில் பாதி அதற்குத்தான். மாட்டிக் கொடுத்தால் அவருக்கு 100 ரூபாய். அதை விட்டுவிட்டு, “லாட்ஜ் வச்சிருக்கிய, ஒவ்வொரு தடவையும் இதைச் செமந்துட்டு வருவியளா?” என்று கேட்டார்.

இப்போது நானும் அக்காவும் சேர்ந்து கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எல்லாம். சுவிட்சை அணைத்தால் போதாது. பழைய பேப்பர் விரித்து மெஷினைக் குப்புறப் போடுவோம். ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கழற்றி ஓர் எவர்சில்வர் தட்டில் போடுவோம். பெல்ட் எந்தப் பக்கம், எந்தப் பள்ளத்தில் ஓடுகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வோம். உருளையைத் தூக்கினால் பழைய பெல்ட் தொளதொளவென்று கையோடு வரும். தையல் பிரிக்கிற கொக்கியை உருளையின் நீளவாக்கில் ஓட்டினால் சுற்றின முடியும் நாரும் தோல் உரிந்த மாதிரி வரும். பிளேடு வேண்டாம், பிரஷ் முடியையும் வெட்டிவிடும், விரலையும் வெட்டும். எனக்கு இரண்டும் நடந்தது. முனை மூடியைக் கழற்ற வருமானால் கழற்றி உள்ளே சுற்றியிருப்பதை எடுக்க வேண்டும். கடைசியில் உருளையைக் கையால் சுண்டினால் அது தானாக நாலைந்து சுற்று போக வேண்டும். போகாவிட்டால் புதுப் பெல்ட் போடுவதில் பிரயோஜனமில்லை, அதையும் கொல்லும்.

பிறகு புதுப் பெல்ட்டை முதலில் மோட்டார் தண்டில் மாட்ட வேண்டும். அடுத்து உருளையை அதற்குள் நுழைத்து, பெல்ட் உட்கார வேண்டிய பள்ளத்தில் சரியாக உட்கார வைத்து, உருளையை இழுத்து அதன் இரண்டு காதுகளிலும் பொருத்த வேண்டும். இந்த இழுவைக்குத்தான் பலம் வேண்டும். புதுப் பெல்ட் விறைப்பாகத்தான் இருக்கும். நான் இழுக்க, அக்கா ஒரு முனையை அழுத்தி உட்கார வைப்பார். சுலபமாக உட்கார்ந்துவிட்டால் சந்தேகப்படுங்கள், அளவு பெரிசு. முறுக்கு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு உருளையைக் கையால் பத்துச் சுற்று சுற்றினால் பெல்ட் தானே நடுவுக்கு வந்து நிற்கும். எண்ணெய் எங்கேயும் விடக்கூடாது. என் வீட்டுக்காரர் ஆசையாக ஒரு சொட்டு விட்டார், அன்று சாயங்காலம் பெல்ட் வழுக்கி மறுபடி எல்லாவற்றையும் கழற்றினோம்.

எங்கள் ஊர் மணலைப் பற்றி ஒரு வார்த்தை. கன்னியாகுமரி மணல் என்று ஏழு நிறத்தில் பாக்கெட் போட்டு விற்பார்களே, அதில் சிவப்பாகத் தெரிகிற மணி கார்னெட். உப்புத்தாள் மாதிரி தேய்க்கிற வேலைக்கு உலகம் முழுக்கப் பயன்படுகிற சங்கதி. கறுப்பு இல்மனைட். மணவாளக்குறிச்சியில் இதைப் பிரித்தெடுக்கத் தனி ஆலையே இருக்கிறது. இந்தத் தேய்ப்பு மணல்தான் ஒவ்வொரு விருந்தாளியின் காலோடும் எங்கள் மாடிக்கு ஏறி வந்து, உருளைப் பேரிங்குக்குள்ளும் பெல்ட்டின் உட்பக்கமும் போய் உட்காருகிறது. இதற்கு மருந்து வாசலில் இருக்கிறது, தேங்காய்நார் மிதியடி. மணலைப் பிடித்து வைப்பதில் கயிற்றை மிஞ்ச ஆளில்லை. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற இன்னொரு தாதுவைக் கண்டுபிடித்ததே, இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான். நாங்கள் கீழ்வாசலில் ஒன்று, மாடிப்படி முடிகிற இடத்தில் ஒன்று என்று இரண்டு மிதியடி போட்ட பிறகு பையில் சேருகிற மணல் கண்கூடாகக் குறைந்தது. பெல்ட்டும் கூடுதல் நாள் வருகிறது.

எவ்வளவு நாள் என்று கேட்பீர்கள். வீட்டுக்கு வைத்திருப்பவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் மாற்றச் சொல்வது வழக்கம். எங்களுடையது தினம் ஓடுகிற மெஷின். கார்த்திகை ஒன்றாம் தேதி புதுசு மாட்டினால் மகரஜோதி முடிந்ததும் கழற்றிவிடுகிறோம், அறுந்தாலும் அறாவிட்டாலும். மற்ற காலத்தில் மூன்று மாதம். மாட்டின அன்றைக்குத் தினசரி காலண்டரில் மூன்று மாதம் தள்ளி ஒரு தாளை மடித்து வைத்துவிடுவார் அக்கா. நடுவில் சந்தேகம் வந்தால் பார்ப்பது ஒன்றே ஒன்று: மெஷின் போன தடத்தில் கார்ப்பெட்டில் கோடு விழுகிறதா என்று. புல் வெட்டின மாதிரி பட்டை பட்டையாகத் தெரிந்தால் உருளை வேலை செய்கிறது. தெரியாவிட்டால் நாம் சும்மா சத்தத்தைத் தள்ளிக்கொண்டு போகிறோம்.

ஒப்பிட்டுப் பார்க்க இணையத்திலும் ஒரு தடவை வாங்கினேன். இரண்டு பெல்ட் 899 ரூபாய், 11 நாளில் வந்தது. மெஷின் கம்பெனியின் சொந்தப் பெல்ட், நம்பர் தெளிவாக இருந்தது, உட்காருவதும் அச்சாக உட்கார்ந்தது. நாலரை மாதம் வந்தது. அண்ணாச்சியின் டப்பா பெல்ட் சாதாரண நாளில் மூன்று மாதத்தைத் தொடுகிறது, சீசனில் இரண்டு மாதம்தான். முதல் இரண்டு நாள் ஒரு மாதிரி ரப்பர் மணம் வேறு வரும், பிறகு போய்விடும். தரத்தில் கம்பெனிப் பெல்ட் ஒரு படி மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் 450 ரூபாய்க்கு நாலரை மாதமா, 140 ரூபாய்க்கு மூன்று மாதமா என்று கணக்குப் போட்டால் எனக்குக் கோட்டாறு போதும். வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் மாற்றுகிற வீடாக இருந்தால் நான் கம்பெனிப் பெல்ட்டையே வாங்குவேன்.

வாங்கி வைக்கிற உபரிப் பெல்ட்டை ஆணியில் மாட்டாதீர்கள், தன் பாரத்திலேயே அந்த இடத்தில் மடங்கும். ஜன்னல் பக்கமும் வேண்டாம். எங்களுடையது கொஞ்சம் பவுடர் தூவி, காற்றுப் புகாத கவரில், லினன் அலமாரியின் அடித்தட்டில் இருக்கிறது.

கடையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பில் கிடையாது. கேட்டால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தருவார், அதை எங்கள் ஆடிட்டர் ஏற்றுக்கொள்வதில்லை. மத்தியானம் ஒன்றரைக்குக் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் நாலு மணி ஆகும், சில நாள் நாலரை. நான் இரண்டு தடவை ஷட்டரைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடையில் ரசவடை தின்று காத்திருந்தேன். ரசவடைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கார் நிறுத்த இடமே இல்லை. அப்புறம் பேச்சு. ஒரு பெல்ட் எடுத்துத் தருவதற்குள் அவர் 1980களில் தையல் மெஷின் ரிப்பேர் செய்யப் போன வீடுகளெல்லாம் வந்துபோகும். அவசரத்தில் போனால் வெப்ராளமாக இருக்கும். ஒரே ஒரு விஷயத்தில் அவரை நம்பாதீர்கள்: எந்தப் பெல்ட்டை எடுத்தாலும் “இது ஃபாரின்” என்பார். அது ஃபாரின் இல்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைந்த ஒன்று அந்த வாசல் ஆணிகளுக்காக. இப்போதும் அப்படியேதான் தொங்கவிட்டிருக்கிறார்.

போகிறவர்கள் பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள், அறுந்திருந்தாலும் பரவாயில்லை. போனில் அளவு சொன்னால் அவர் தலையாட்டிவிட்டு வேறொன்றை எடுத்து வைப்பார். நம்பர் அழிந்திருந்தால் மெஷினின் அடியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. சவேரியார் கோவில் திருவிழா டிசம்பர் 3இல் முடிகிற வரைக்கும் அந்தத் தெருவில் மெஷினைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. பெல்ட்டை மட்டும் பர்சில் போட்டுக்கொண்டு, ஒன்றரை மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.